கீழ்வீட்டுக் குமிழ்

"அது இன்னும் சாகலையா?" என்று கேட்டாள் மேல்வீட்டு லோரெட்.

பாய்லரைத்தான் கேட்டாள். பார்த்தது என்னவோ கீழ்வீட்டு ஒடீலை.

"உன்னைக் கொண்டுபோய்ப் புதைச்சிட்டுத்தான் சாகும்" என்றாள் ஒடீல்.

பழுதுபார்க்க வந்திருந்த நார்மண்ட் நிலவறைப் படியேறி வந்து, கை துடைத்தபடி நின்றான். ஒன்பது மணிக்கு வந்ததுமே சிவப்பு சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அவன் பாய்லரைப் பிரித்தான். இப்போது பதினொன்று.

"வார்ப்பிரும்பு விரிசல் விட்டிருக்கு, தண்ணி கசியுது. அடைச்சுக் குடுத்தா கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓடும். அதுக்கு மேல நான் பொறுப்பில்லை."

அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து வாங்கிய வீடு அது. கீழே அண்ணன், மேலே தம்பி. இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது ஓரகத்திகள் இருவரும், நிலவறையில் இந்தக் கிழட்டு பாய்லரும்தான்.

இரண்டு வீட்டையும் சூடாக்குவது இந்த ஒரு பாய்லர்தான். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டும் ஒன்றே ஒன்று. ஒடீல் வீட்டு நடைச் சுவரில், வட்டமாய், ஒரு குமிழ்.

லோரெட் இறங்கி வந்து எழுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குத் திருகுவாள். அவள் படியேறி முடிப்பதற்குள் ஒடீல் அறுபத்தாறுக்கு இறக்கிவிடுவாள். ஒரு நாளைக்கு நாலு தடவை. இருபத்தோரு குளிர்காலம்.

"இவ கூடத்துல மீனை வெச்சா ஒரு வாரத்துக்குக் கெடாது தம்பி" என்றாள் லோரெட். "மகாராணிக்கு விறைச்சுக் கிடந்தாத்தான் தூக்கம் வரும்."

"மூணு ஸ்வெட்டர் போட்டிருக்கே இல்ல? நாலாவதைப் போடு. உன் புருஷன் உன்னைப் பஞ்சுல பொத்தி வெச்சே கெடுத்தான்."

"என் புருஷனை இழுக்காதே. உன் புருஷன் உன் வாய்க்குப் பயந்து நிலவறையிலேயே குடியிருந்தான்!"

நார்மண்டுக்குத் தலை வலித்தது. பிரம்மாதமான யோசனை ஒன்று தோன்றியது.

"புதுசு போடறதுன்னா ஒரு வழி இருக்கு. மேலுக்குத் தனி, கீழுக்குத் தனி, ரெண்டு தெர்மோஸ்டாட். அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க சூடு. ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கவே வேண்டாம்."

கைதட்டாத குறையாக மகிழ்வார்கள் என்று நினைத்தான்.

லோரெட் ஸ்வெட்டர் பொத்தானைத் திருகினாள். ஒடீல் சமையலறைக்குள் போய், கொதிக்கும் பீன்ஸை ஒரு கிளறு கிளறிவிட்டு வந்தாள்.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்" என்று தாளை நீட்டினான்.

"கண்ணாடி மேல இருக்கு" என்றாள் லோரெட். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று நின்று ஏறிப் போனாள்.

அந்த இடைவெளியில் கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, நார்மண்ட் சுவர்க்குமிழின் மூடியைக் கழற்றினான்.

கம்பியே இல்லை.

செத்த சிலந்தி ஒன்று கிடந்தது. அதற்குப் பின்னால், சாந்து வைத்துப் பூசி மெழுகிய சுவர்.

"அதை மூடு."

ஒடீலின் குரல் அன்று முதல்முறையாகத் தணிந்திருந்தது.

"என் புருஷன் அர்மான் பண்ணின வேலை. நாங்க ரெண்டு பேரும் திருகறதைப் பாத்து வெறுத்துப்போய், கம்பியை எடுத்து என் சமையலறை அலமாரிக்குப் பின்னால வேற ஒரு தெர்மோஸ்டாட்டுல மாட்டிட்டான். எப்பவும் அறுபத்தெட்டு. ஒரு ஈ காக்காய்க்குச் சொல்லலை. சாகறப்போ என்கிட்ட மட்டும் சொன்னான்."

"எப்ப?"

"ஒம்பது வருஷம் ஆச்சு."

"ஒம்பது வருஷமா தெரிஞ்சேவா சண்டை போடறீங்க?"

ஒடீல் மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"போன பிப்ரவரியில ஒரு நாள் பத்து மணிக்கு அவ இறங்கி வரலை. பத்தே கால் ஆச்சு. சனியனுக்கு என்ன கேடுன்னு ஏறிப் போய்ப் பாத்தா, குளியலறையில இடுப்பு ஒடிஞ்சு கிடக்கறா. தனித்தனியா மாட்டிட்டுப் போயிட்டா அவ எதுக்குக் கீழ வரப்போறா? மேல செத்துக் கிடந்தா எனக்கு யார் சொல்லுவா? நாத்தம்தான் வந்து சொல்லணும்."

நார்மண்ட் மூடியைத் திரும்ப மாட்டினான்.

"புது பாய்லர் போடு. ஆனா இந்தக் குமிழ் இருந்த இடத்துலயே இருக்கணும்" என்றாள் ஒடீல். "அவகிட்ட வாயைத் திறந்தியோ, இந்தத் தெருவுல ஒரு வீட்டுலயும் உனக்கு வேலை கிடைக்காது."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒடீல் முகத்தை மறுபடி கடுகடுவென்று ஆக்கிக்கொண்டாள்.

லோரெட் கண்ணாடியோடு வந்தாள். தாளைத் தொடவில்லை. நேரே குமிழிடம் போய் எழுபத்திரண்டுக்குத் திருகினாள். பிறகு, பாய்லரின் வெந்நீர் வந்து அறையைச் சூடாக்கும் சன்னலடி ரேடியேட்டரில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"ம்ம். இப்பத்தான் உடம்புல உசுரு வருது."

அதன் பிறகே தாளை வாங்கி, விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள்.

"ரெண்டு எதுக்குத் தண்டமா? ஒண்ணை இவ கையில குடுத்ததுக்கே இந்தப் பாடு. ஒண்ணு போதும்."

தெர்மோஸ்டாட் ஒன்று என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டாள். ஒடீலிடம் தாளை எறிந்தாள்.

"மறுபடி அறுபத்தாறுல வெச்சே, விரலை ஒடிச்சுடுவேன்."

"வந்து ஒடி. இங்கதான் இருப்பேன்."

லோரெட் கடைசிப் படியை எட்டுவதற்குள் ஒடீல் குமிழை இறக்கிவிட்டாள்.

நார்மண்ட் பெட்டியைத் தூக்கியவன், ஏதோ தோன்ற, லோரெட் கை பதித்திருந்த ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான்.

இரும்பு சில்லிட்டுக் கிடந்தது. ஒன்பது மணிக்கு அணைத்த சிவப்பு சுவிட்சை அவன் இன்னும் போடவே இல்லை.