உபதேசியார் மன்னித்தார்

“உபதேசியார், எழும்பி ஓடி வாங்கோ, வயலுக்கை எருமையள்!”

விடியற்காலையில் தகரம் அடிக்கும் சத்தத்தோடு வந்த குரலைக் கேட்டு, எலியேசர் உபதேசியார் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடினார். அதற்குள் பக்கத்து வயல்காரன் கனகலிங்கத்தின் பயிர் முக்கால்வாசி நாசம். உபதேசியாரின் வயலில் ஒரு மூலை மட்டும் மிதிபட்டிருந்தது.

பூவரசங்குளம் ஊரில் வயல்வெளியைச் சுற்றிப் பொதுவேலி. ஆளுக்கொரு பங்கு அடைக்க வேண்டும். எருமைகள் புகுந்த பங்கில் ஒரு கம்புகூட நடப்படவில்லை.

“ஆரின்ரை பங்கு இது?” உபதேசியார் கொதித்தார். “ஆராயிருந்தாலும், விதானையார், அவனுக்கு வாற சிறுபோகத்திலை ஒரு துண்டு வயலும் குடுக்கக்கூடாது.”

ஊர்த்தலைவரான விதானையார் அப்புத்துரை செருமினார். கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“என்ரை பங்குதான்,” என்றான் கனகலிங்கம்.

குளத்துத் தண்ணீருக்கேற்ப விதானையார் வயலைப் பங்கிட்டுக் கொடுக்கும் அந்தக் கோடை விளைச்சல், சிறுபோகம், இல்லையென்றால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. அது உபதேசியாருக்கும் தெரியும். அதோடு, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு அவர் எடுத்திருந்த பொருள் இரக்கம். நாலு நாளாக ஓர் உதாரணம் அகப்படாமல் தவித்தார். இப்போது உதாரணம் தலையைக் குனிந்துகொண்டு எதிரிலேயே நின்றது.

குரலைத் தாழ்த்தினார். கடவுள் நமக்குக் காட்டும் இரக்கத்தில் தொடங்கி, நாம் அயலானுக்குக் காட்டவேண்டியது வரை அரை மணி நேரம் பேசினார். தகுதியில்லாதவனுக்குக் காட்டுவதுதான் இரக்கம், தன் பிழை தனக்கே தெரியாதவனையும் மன்னிக்க வேண்டும் என்றார். தேவாலயத்தில் மூன்றாம் நிமிடமே கொட்டாவி விடுகிற சனம் அன்று அசையவில்லை. சிலர் துண்டால் வாயைப் பொத்தித் தோள் குலுங்க நின்றார்கள். தன் பிரசங்கத்துக்கு மனைவிகூட அழுததில்லையே என்று அவருக்கே கண் கலங்கியது.

“கனகலிங்கம், உன்னை மன்னிச்சிட்டன். சிறுபோகத்தை நீ செய்.”

“பெரிய உபகாரம், ஐயா.” அவன் கும்பிட்டுவிட்டு, மிஞ்சிய பயிரைப் பார்க்கப் போனான்.

எல்லோரும் கலைந்ததும், தன் பேச்சு எப்படி என்று உபதேசியார் விதானையாரிடம் மெல்லக் கேட்டார்.

“நல்லாத்தான் இருந்தது,” என்றார் விதானையார். “ஆனால் வேலிப் பங்குக்குச் சீட்டுப் போட்ட அண்டைக்கு நீங்கள் வரேல்லை. அதைச் சொல்ல உங்கட வீட்டை வந்தனான், பிரசங்கம் எழுதுறியள் எண்டு வீட்டு அம்மா உள்ளுக்கை விடேல்லை. இந்தப் பங்கு உங்களுக்குத்தான் விழுந்தது; உங்கட சோத்திலை நீங்களே மண்ணைப் போடுறதைப் பாக்கேலாமல்தான் கனகலிங்கம் தன்ரை எண்டவன்.”