கூட நடப்பது யார்?

"இன்னிக்கு டெரல்கூட நடக்கப்போறது நான்தான்!"

"நல்லா நடப்ப! அவன் தலைக்கு மேல கூரை இல்லாம அலைஞ்சப்போ நீ எங்கடி இருந்த?"

வெர்லீன் மைதானத்தின் கதவை மறித்து நின்றாள். பள்ளியின் கடைசி ஆண்டு ஃபுட்பால் வீரர்கள் தாயின் கைபிடித்து உள்ளே வரும் நாள் அது. அலபாமாவின் அந்தச் சின்ன ஊரே திரண்டிருந்தது.

"பழசைக் கிளறாத. அவன் என் பிள்ளை," என்றாள் மேரிபெத்.

"ஆமா, பெரிய காலேஜ் டீம்லேருந்து அவனைத் தேடி ஆள் வந்ததும் பிள்ளை ஆயிட்டான்! அவன் பேர் போட்ட சட்டையை மாட்டிக்கிட்டா நீ அம்மாவா?"

ஒலிபெருக்கி டெரலின் பெயரைச் சொன்னது. மேரிபெத் சீறினாள்.

"பெத்துட்டா மட்டும் போதுமா வெர்லீன்? ரெண்டு வருஷமா அவன் படுக்கிறது எங்க வீட்டு மாடியறையில!"

வெர்லீன் கதவை விட்டு நகரவில்லை.

"அவனாவது கட்டில்ல படுக்கட்டும்னுதான் அனுப்பி வெச்சேன். எங்க கார்ல பின்சீட்டுல கிடந்தவனை எழுப்பிக் கூட்டிட்டுப் போனியே, முன்சீட்டுல கிடந்த நான் உன் கண்ணுக்குத் தெரியலையாடி?"