தகவல் தந்தவர்

இதை முதலில் எனக்குச் சொன்னவர், பதிவு அலுவலக வாசலில் மனு எழுதித் தருகிறவர். மிச்சத்தைத் தையற்காரியே சொன்னாள்.

நான்காம் முறையாக அவள் அலுவலகத்தின் பிறப்புப் பதிவு ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றாள். மறுநாள் மாலைக்குள் பிறப்புச் சான்றிதழைக் காட்டாவிட்டால், விடுதியில் கிடைத்திருந்த தையல் ஆசிரியை வேலை கைநழுவிவிடும்.

எழுத்தர் நிமிர்ந்தார். "மறுபடியுமா? நீங்க பொறந்த வருஷத்துப் பதிவேட்டை முழுசாப் புரட்டியாச்சும்மா. அட்டை பிஞ்சதுதான் மிச்சம்."

"அடுத்தடுத்த வருஷத்து ஏட்டையும் பாருங்க சார்."

"நீங்க என்ன, தவணை முறையிலயா பொறந்தீங்க?"

"பொறந்தது ஒரு தடவைதான். எழுதினது எப்பன்னு யாருக்குத் தெரியும்? பதிவு பண்ண தேதிப்படிதான் ஏட்டுல ஏறுமாம். வாசல்ல மனு எழுதறவர் சொன்னாரு."

எழுத்தர் வாசலை முறைத்தார். "என் நாற்காலியை அவருக்கே குடுத்திருக்கலாம். ஏம்மா, அப்பா பக்கத்துல யாராவது வந்து உறுதி சொன்னா புதுசாவே பதிவுக்கு எழுதிப் போடலாமே. ஒருத்தரும் இல்லையா?"

"ஒரு அத்தை இருக்காங்க. அவங்க வாசப்படியை மிதிக்க மாட்டேன். நீங்க தேடுங்க. சாயங்காலம் வரைக்கும் இங்கேயே உக்காந்திருக்கேன்."

மிதிக்காததற்குக் காரணம் இருந்தது. வீட்டை எதிர்த்து மணம் செய்துகொண்ட அப்பா, அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே விபத்தில் போய்விட்டார். குழந்தையோடு புகுந்த வீட்டு வாசலில் போய் நின்ற அம்மாவிடம், "இது என் தம்பி பிள்ளையே இல்ல" என்று தெருவே கேட்கச் சொன்னவள் அந்த அத்தை. அம்மா சாகும்வரை அதை மறக்கவில்லை. மகளையும் மறக்க விடவில்லை.

மூன்று மணிக்கு எழுத்தர் குரல் கொடுத்தார். "இங்க வாங்கம்மா. அஞ்சு வருஷம் தள்ளிப் பதிஞ்சிருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். பிறந்த தேதி சரி. தாயின் பெயர் சரி. தந்தையின் பெயர் என்ற கட்டமும் காலியாக இல்லை.

"அப்பா செத்து அஞ்சு வருஷம் கழிச்சு இந்தப் பேரை எப்படி சார் ஏத்தினாங்க?"

"அவர்கூடப் பொறந்தவங்க சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. தாமதக் கட்டணமும் அவங்கதான் கட்டியிருக்காங்க. இதோ பாருங்க, தகவல் தந்தவர்."

அவள் விரல் அந்தக் கட்டத்திலேயே நின்றுவிட்டது.

சான்றிதழை வாங்கிக்கொண்டு நேரே அத்தை வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த கிழவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"யாரது?"

"உங்க தம்பி பொண்ணு."

"அது எனக்குத் தெரியும். என்ன வேணும்?"

"தெருவுல இல்லைன்னீங்க. ஆபீசுல ஆமான்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. எது அத்தை பொய்?"

"தெருவுல பேசினது ஆத்திரம்டி. ஆபீசுல சத்தியம் பண்ணச் சொன்னாங்க." அத்தை கதவைப் பிடித்துக்கொண்டாள். "உன்னைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கற வயசாச்சேன்னு போனேன். காகிதத்தைத் தலைமை ஆசிரியர் கையிலயே குடுத்துட்டேன்."

பள்ளியில் சான்றிதழே கேட்கவில்லை என்று அம்மா வெகுநாள் அதிசயப்பட்டது தையற்காரிக்கு நினைவு வந்தது.

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"கொட்டின வார்த்தையை அள்ளத் தெரியல. தலைமை ஆசிரியர் சொல்லியிருப்பாரு, நான் கட்டின கட்டணத்தைத் திருப்பிக் குடுக்கவாவது உங்கம்மா வருவா, அந்தச் சாக்குல பேசிடலாம்னு இருந்தேன். வரவே இல்லை."

"அவங்களுக்குத் தெரியவே தெரியாது அத்தை."

தையற்காரி பையைத் திறந்தாள். ஏட்டின் ஓரத்தில் எழுதியிருந்த தொகையை, அத்தையின் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள்: பதினேழு ரூபாய் ஐம்பது காசு.