உள்ளே வரக் கூடாது

“புதுசா மாடி கட்டியிருக்கீங்களே சார், வரி போட அளவெடுக்கணும். உள்ளே வரலாமா?”

மாடி வாசலில் அளவு நாடாவோடு நின்ற வரி அதிகாரியை, வீட்டு உரிமையாளர் உள்ளே நின்றபடி வழியை அடைத்துக்கொண்டு மறித்தார்.

“காலை உள்ள வச்சுடாதீங்க! குடும்பம் நடத்துற இடம் சார் இது. படுக்கையறை இருக்கு, பீரோ இருக்கு. சொல்லாம கொள்ளாம வந்து எட்டிப் பார்ப்பீங்களோ? அந்தரங்கம்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?”

அதிகாரி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படியிறங்கினார். நாட்டுக்கே விடுதலை வாங்கித் தந்தவர்போல் உரிமையாளர் மீசையை முறுக்கினார்.

அப்போது, மாடியில் குடியிருக்கும் பெண் ஆபீஸிலிருந்து பாதியிலேயே திரும்பி, கையில் சாவியோடு படியேறி வந்தாள்.

“நீங்க பேசினதையெல்லாம் கீழே நின்னு கேட்டேன், ஓனர் சார். புல்லரிச்சுப் போச்சு! ஆமா, நான் பூட்டிட்டுப் போன வீட்டுக்குள்ள நீங்க என்ன பண்றீங்க?”