சுலபத் தவணை

"மொத்தப் பணத்தையும் எதுக்கு வளரு ஒரே நாள்ல தூக்கிக் குடுக்கணும்? மாசா மாசம் கட்டிக்கலாம். இப்பல்லாம் யாரு ரொக்கமா வாங்குறாங்க?"

சரிதா மூன்றாவது முறையாகச் சொன்னாள். நெய்வேலி பஜாரில் இருந்த அந்தக் கடைக்குள் ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு மட்டும் கழுத்தெல்லாம் வேர்த்தது.

வளர்மதி பத்து லிட்டர் கிரைண்டரின் கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷமாக சரிதாவின் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்கிறவள். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து போகிறாள். கிரைண்டர் மட்டும் வந்துவிட்டால் ஊரிலேயே இட்லி மாவு அரைத்து விற்கலாம். ஒண்ணாம் தேதியிலிருந்து மாவு தருவதாக ஒரு மெஸ்ஸில் பேசியும் வைத்துவிட்டாள்.

"கடன்னா எனக்கு சோறு எறங்காதுக்கா," என்றாள் கடைசியில். "அதனாலதான ஒரு வருஷமா சேத்துக்கினு வரேன்."

சேர்த்தது சரிதாவிடம்தான். "வூட்ல வெச்சா எங்க வூட்டுக்காரரு எடுத்துக்கினு பூடுவாரு. சம்பளத்துல பாதிய நீங்களே வெச்சிக்கிங்கக்கா" என்று போன சித்திரையில் வளர்மதி கேட்டபோது சரிதாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு கவரை எடுத்து, மேலே அவள் பெயரை எழுதி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

முதல் தடவை அதில் கை வைத்தது டிவி தவணைக்காக. அடுத்த வாரமே திருப்பி வைத்துவிட்டாள். அப்புறம் பிரிட்ஜ் தவணை வந்தது, மகன் பிரவின்குமாரின் போன் தவணை வந்தது. எடுத்தது மட்டும்தான் நடந்தது, வைத்தது நடக்கவில்லை. கணவன் சிவசங்கருக்கு மைன்ஸில் பர்மனென்ட் வேலை. அப்படி இருந்தும் வீட்டில் பணம் போதவில்லை என்று அவனிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம். ஐப்பசி பிறக்கும்போது கவர் காலி. அதற்குப் பிறகு வளர்மதியின் பாதிச் சம்பளம் கவருக்குப் போகாமலே செலவாகிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் மாசம் பிறந்தால் வளர்மதி "எவ்ளோ ஆச்சுக்கா?" என்று ஆசையாகக் கேட்பாள். தீபாவளிக்கு வீடு முழுக்க ஒட்டடை அடித்து, பீரோ வரைக்கும் துடைத்துக் கொடுத்தாளே, அதற்கப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள். நம்மை இவ்வளவு நம்புகிறாளே என்று நினைக்க நினைக்க சரிதாவுக்கு உடம்பு கூசும். காபியைக்கூட அவள் கையில் கொடுக்காமல் மேடைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

இன்று காலை "கடைக்குப் போலாமாக்கா?" என்று அவள் வந்து நின்றபோது மறுக்க வாய் வரவில்லை. வழியில் சொல்லிவிடலாம் என்றுதான் ஸ்கூட்டரை எடுத்தாள். பின்னால் உட்கார்ந்து வளர்மதி அரிசி விலை, உளுந்து விலை என்று பேசிக்கொண்டே வர, சொல்லாமலே கடை வந்துவிட்டது.

கைப்பையில் இருந்தது இரண்டாயிரம் ரூபாய். அதை முன்பணமாகக் கட்டி, மீதியை வளர்மதி பேரில் தவணையாகப் போட்டுவிட்டால் போதும். அப்புறம் எதையாவது சொல்லி மாசா மாசம் அவள் கையில் கொடுத்துவிடலாம். வெட்கம்கெட்ட யோசனைதான். அதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை.

கடையில் தவணைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற வேணு கையில் ஒரு டேப்லெட்டோடு வந்தார்.

"வாங்க மேடம்! இப்ப என்ன, வாஷிங் மெஷினா?"

"எனக்கு இல்லங்க. இவங்களுக்கு இந்த கிரைண்டர். தவணையில போட்டுடுங்க."

வேணு வளர்மதியின் பக்கம் திரும்பினார். "ஆதார் இருக்குல்ல? சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் வேணும்."

"நான் வூட்டு வேலை செய்றவங்க. எனக்கு யாரு சீட்டு குடுப்பாங்க?"

வேணு உதட்டைப் பிதுக்கினார். "அப்ப கஷ்டம்மா. பைனான்ஸ்ல ஒத்துக்க மாட்டாங்க." பிறகு சரிதாவைக் காட்டி, பக்கத்தில் பொருள் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "மேடம் மாதிரி இருந்தா ரெண்டே நிமிஷம். டிவி, பிரிட்ஜ், போன் எல்லாமே நம்மகிட்டதான். இன்னிக்கு வரைக்கும் ஒரு தவணைகூட தவறினதில்ல. நாணயம்னா மேடம்தான்!"

சரிதாவுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை போலிருந்தது. வளர்மதி பக்கம் திரும்பாமலே அவள் புடவை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"வளரு, வெளிய வா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான்... ரொம்ப நாளா..." கண் நிறைந்துவிட்டது.

வளர்மதி நகரவில்லை. சரிதாவின் கையை மெல்ல விலக்கிவிட்டு, அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, சாயங்காலம் வேலை முடித்துச் சொல்லிக்கொண்டு கிளம்புகிற அதே சாதாரணக் குரலில் வேணுவிடம் சொன்னாள்:

"அக்கா பேர்லயே போடுங்க சார். இவ்ளோ நாளா அவங்க தவணைய நான் கட்டிக்கினு இருந்தேன், இனிமே என்னுத அவங்க கட்டுவாங்க."