சார்ஜ் தீர்ந்த டாக்டர்

"மறுபடியும் சார்ஜ் தீர்ந்துபோச்சு!"

பின்னாலிருந்து பல் டாக்டரின் குரல் கேட்டதும், ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழு மொத்தமும் தலையில் அடித்துக்கொண்டது. இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்ததால், மனசுக்குள்ளேயே.

இது ஆறாவது வாரம். சரியாக மேடு ஆரம்பிக்கிற இடம்.

டாக்டரின் சைக்கிள் சாதாரணப்பட்டதல்ல. விரலால் தொட்டால் போதும், 'ஸ்ஸிக்' என்று கியர் மாறும். கம்பி கிடையாது, எல்லாம் மின்சாரம். சார்ஜ் இருக்கிற வரைக்கும்தான் இந்தப் பெருமை. தீர்ந்துவிட்டால் எந்த கியரில் நின்றதோ, அதிலேயே மிதித்து உயிரை விட வேண்டியதுதான்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் குழுத் தலைவர். அவர் எதையும் அப்பவே சொன்னவர். இருபது வருஷமாக கேபிள் கியரைத் தவிர எதையும் தொடாததால் அவருக்கு 'கேபிள்' என்றே பெயர். "போனுக்கு சார்ஜ், வாட்சுக்கு சார்ஜ், இப்ப சைக்கிளுக்கும் சார்ஜ். நாளைக்குச் செருப்புக்கும் சார்ஜ் போட்டாத்தான் வாசலைத் தாண்ட முடியும்."

கூடவே மிதித்துவந்த சைக்கிள் கடைக்காரருக்குச் சுருக்கென்றது. அந்த சைக்கிளை விற்றவரே அவர்தான்.

"ஒரு தடவை போட்டா ரெண்டு மூணு வாரம் வரும் தலைவரே. அதைக்கூடப் போட மறந்தா மெஷின் என்ன பண்ணும்?"

"டிஸ்க் பிரேக்கையும் சேத்துச் சொல்லுங்க. மழைல அது கத்தற கத்துக்கு ஹாரனே வேணாம்."

"உங்க பழைய பிரேக் மட்டும் என்னவாம்? மழைல இந்த வாரம் பிடிச்சா அடுத்த வாரம்தானே நிக்குது!"

இந்தச் சண்டை வாராவாரம் உண்டு. குழுவில் பாதிப் பேர் இந்தக் கட்சி, பாதிப் பேர் அந்தக் கட்சி. மேட்டில் மூச்சு வாங்குவது மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே மாதிரி.

"நீங்கல்லாம் முன்னாடி போங்க. டாக்டரை நான் கூட்டிக்கிட்டு வரேன்," என்றார் தபால்காரர்.

தபால்காரருக்கு இதய ஆபரேஷன் ஆகி நாலு மாதம். சைக்கிள் மிதித்தே ஆகணும், ஆனால் தனியாகப் போகவே கூடாது என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் குழுவில் சேர்ந்தார். "எப்படியாவது அவரை விடாம வர வைங்க," என்று அவர் மனைவி ஒவ்வொருவரிடமும் அழாத குறையாகச் சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்ட மனுஷனை, கிண்ணென்று இருக்கிற டாக்டருக்குக் காவல் வைத்துவிட்டுப் போவதா என்று எல்லோருக்கும் எரிச்சல்.

"நோயாளியை டாக்டர் பாத்தது போய், டாக்டரை நோயாளி பாத்துக்கற காலம்!" என்றபடி கேபிள் மிதித்தார்.

மேட்டு உச்சியில் டீக்கடை. இரண்டாவது டீயும் முடிந்துவிட்டது. பின்னால் விட்டுவந்த இருவரையும் காணோம்.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு தலைவரே," என்றார் சைக்கிள் கடைக்காரர். "இவரால ஒரு மாசமா ஒரு எலெக்ட்ரானிக் சைக்கிள்கூட போணியாகல. வர்றவன்லாம், 'பல் டாக்டர் வண்டி மாதிரி வழில நின்னுடுமா'ன்னு கேக்கறான். இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டறேன்."

பையிலிருந்து சார்ஜ் ஏற்றிய புது பேட்டரி ஒன்றைக் கையில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

கால் மணி நேரம் கழித்து இருவரும் வந்து சேர்ந்தார்கள். டாக்டருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. தபால்காரர் முகத்தில் அப்படியொரு களை.

"பாதில இறங்கித் தள்ளறேன்னார். நான் விடுவேனா? 'மெதுவா மிதிங்க, பக்கத்துலயே வரேன்'னு பேசிப் பேசியே ஏத்திட்டேன்," என்று அறிவித்துவிட்டு, மனைவிக்கு போன் போட அந்தப் பக்கம் நகர்ந்தார்.

கடைக்காரர் டாக்டரின் சைக்கிள் மேல் பாய்ந்தார்.

"ஊருக்கெல்லாம் ரெண்டு வேளை பல் தேய்ன்னு சொல்றீங்களே டாக்டர், உங்களுக்கு வாரம் ஒரு தடவை சார்ஜ் போட முடியாதா?"

சொல்லிக்கொண்டே, பேட்டரியைச் சோதிக்கும் பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. சந்தேகமாக கியரைத் தொட்டார். 'ஸ்ஸிக்' என்று மாறியது.

"டாக்டர்! இது ஃபுல்லா..."

"ஐயோ, மெதுவா பேசுங்க!" டாக்டர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "முதல் வாரம் தபால்காரருக்காக நாமெல்லாம் மேட்டுல காத்து நின்னோமே, ஞாபகம் இருக்கா? 'என்னால யாரும் நிக்க வேணாம், இனிமே நான் வரல'ன்னு வீட்டுக்குத் திரும்பினவர். அன்னைக்குப் பின்னாடியே ஓடிப்போய், எனக்குத் துணை வேணும்னு கெஞ்சித்தான் கூட்டிட்டு வந்தேன்."

கேபிள் அப்பவே சொல்லாத விஷயமும் உலகத்தில் இருந்தது.

அந்தப் பக்கம் தபால்காரரின் குரல் கணீரென்று கேட்டது. "அடுத்த வாரமா? வராம எப்படிம்மா? நான் இல்லன்னா அந்த டாக்டரை யார் மேட்டுல ஏத்தறது?"

போனை வைத்துவிட்டு வந்தவர், கடைக்காரரிடம் கேட்டார். "என்ன தம்பி, அந்த பேட்டரி தேறுமா?"

கடைக்காரர் கையிலிருந்த புது பேட்டரியைப் பைக்குள் தள்ளினார். தன் கடைப் படியேறாமலே போகப்போகிற வாடிக்கையாளர்களை ஒரு தடவை நினைத்துக்கொண்டார். பிறகு டீக்கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"எங்க தேறும்? நான் வித்ததுலயே வடிகட்டின டப்பா இதுதான். அடுத்த வாரமும் நீங்கதான் அண்ணே இவருக்குத் துணை!"