தொட்டால் ஒட்டும் கறை

செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போல, தன் ஆய்வு மாணவியின் ஆய்வேட்டை இரண்டு விரலால் தூக்கி மேஜையில் போட்டார் பேராசிரியர். கைக்குட்டையை எடுத்து விரல்களை வேறு துடைத்துக்கொண்டார்.

“நாலாவது அத்தியாயம் முழுக்க என் புத்தகத்துல இருந்து திருடினது மேடம். மாசாமாசம் இவ வரைவை வாங்கித் திருத்திக் கொடுத்த எனக்கே இந்த கதி. சே!”

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் ஆய்வேட்டையும் பேராசிரியரின் புத்தகத்தையும் புரட்டினார். வரிக்கு வரி ஒன்றுதான். புத்தகம் போன வருஷமே வந்துவிட்டது, ஆய்வேடு போன மாதம்தான். அடுத்தவர் உழைப்பைச் சுருட்டுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பட்டம் கிடையாது என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார்.

எதிரே அவள் நனைந்த ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பேராசிரியர் விடுவதாக இல்லை. ஆய்வே ‘மியாஸ்மா’ என்ற பழைய கிரேக்கச் சொல்லைப் பற்றியது. பாவம் செய்தவன் மேல் படிகிற தீட்டு என்று பொருள். கறைப்படுத்து என்ற வினையில் பிறந்த பெயர்ச்சொல். ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. ஆள் பார்க்காது, தொட்டவர் மேல் ஒட்டும் என்று அவளைப் பார்த்தே பாடம் நடத்தினார்.

“இதுல கேவலம் என்னன்னா, அந்தச் சொல் பன்மையில வர்ற ஒரு கல்வெட்டை நான் காட்டியிருக்கேன். எல்லாத்தையும் சுருட்டினவளுக்கு அது மட்டும் புரியல. விட்டுட்டா.”

தேர்வாளர் ஆய்வேட்டில் தேடினார். கல்வெட்டு இல்லைதான்.

அவள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். “அந்தக் கல்லை நீங்க பார்த்திருக்கீங்களா சார்?”

“பார்க்கறதா? இந்தக் கையால தடவியிருக்கேன். எண் 4716. தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்.”

“அப்படி ஒரு கல்லே இல்ல மேடம்,” என்றாள். தன் எழுத்தெல்லாம் அவர் பெயரில் கட்டுரைகளாக அச்சாவது தெரிந்ததும், அடுத்து அவரிடம் கொடுத்த வரைவில் மட்டும் அந்தக் கல்வெட்டை அவளே கற்பனையாக எழுதிச் சேர்த்தாளாம்.

“கதை கட்டறா,” என்றார் பேராசிரியர்.

அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“வாசல்ல போய்ப் பாருங்க மேடம். 4716, என் ஸ்கூட்டர் நம்பர்.”